யார் சொன்னது, எப்போ சொன்னது?

திருப்பதி,
பிப்ரவரி 2026

அன்புள்ள பவிக்குட்டிக்கு,

அத்தை எழுதுகிறேன். வாட்ஸப்பில் நாலு வரி போட்டால் போதாதா, இதற்கு ஒரு கடிதமா என்று நீ சிரிப்பாய். வாட்ஸப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டுப் போய்விடுவாய். கடிதத்திடம் அந்த வேலை நடக்காது. காப்பி போட்டு எடுத்துக்கொண்டு வந்து, உட்கார்ந்து, முழுசாகப் படி.

ஈஸ்டர் லீவில் ஜெர்மனியிலிருந்து மூன்று தோழிகளோடு பாரீஸ், ஆம்ஸ்டர்டாம், வெனிஸ், ரோம் என்று சுற்றப் போவதாகச் சொன்னாய். சந்தோஷம். இந்த வயதில் போகாமல் முட்டிவலி வந்த பிறகா போவாய்? உங்கப்பா நாலு ஊர்ப் பெயரையும் கேட்டதிலிருந்து தூங்காமல் இருக்கிறான். அவன் அப்படித்தான், காணிப்பாக்கத்துக்குப் போவதற்கே சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் நிற்கிறவன். அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். என்னைக் கொஞ்சம் உறுத்தியது நீ சொன்ன இன்னொரு வார்த்தை. "எங்க சீனியர் அக்கா ஒரு லிஸ்ட் குடுத்திருக்காங்க அத்தை, அதுல எல்லாம் இருக்கு. வேற எதையும் பார்க்கவே வேண்டாம்." மருமகளே, அந்த "வேற எதையும் பார்க்கவே வேண்டாம்" என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க.

திருப்பதியில் வீடு இருப்பது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். சொந்தபந்தம் மொத்தத்துக்கும் நம் வீடுதான் விசாரணை கவுண்ட்டர். வேலூரிலிருந்து, ஓசூரிலிருந்து, கோயம்புத்தூரிலிருந்து, கல்யாண வீட்டில் ஒரே ஒருமுறை பார்த்தவர்கள்கூட போன் செய்வார்கள். "அத்தை, முந்நூறு ரூபா டிக்கெட் எப்போ விடறாங்க? சின்னக் குழந்தைக்கு ஆதார் வேணுமா? மெட்டு வழியா ஏறினா டோக்கன் உண்டா?" போன் பக்கத்தில் நான் வைத்திருக்கும் நீல அட்டை நோட்டை நீ சின்ன வயதில் கிறுக்கியிருக்கிறாய். அதில் ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் எந்தத் தேதியில் கேட்டது, யாரிடம் கேட்டது என்று எழுதியிருப்பேன். மாறினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே புதிதாக எழுதுவேன். அடித்த வரிகள்தான் அதில் அதிகம். தகவலும் பால் மாதிரிதான் கண்ணு, காலையில் காய்ச்சியது சாயங்காலத்துக்குள் திரிந்தாலும் திரியும். பாத்திரத்தைப் பார்த்தால் தெரியாது.

2022 கார்த்திகையில் நடந்ததைச் சொல்கிறேன். வேலூர்ப் பக்கத்திலிருந்து நமக்குச் சித்தப்பா முறையில் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். விடியற்காலை நாலு மணிக்கு ரயிலை விட்டு இறங்கியிருக்கிறார்கள். மனைவி, இரண்டு மகள்கள், தோளில் தூங்குகிற பேரன். சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு தாள், ஓரத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது. சம்பந்தி எழுதிக் கொடுத்தது. "அலிபிரியில் லக்கேஜ் கொடு. நடந்து ஏறு. காலிகோபுரத்தில் விரல் வைத்து டோக்கன் வாங்கு." அத்தனை அழகான கையெழுத்து. ஆனால் அது 2019இல் போய்வந்த அனுபவம். நடுவில் கொரோனா வந்து, நடந்து வருகிறவர்களுக்குக் கொடுக்கும் அந்த டோக்கனே நின்றுபோயிருந்தது. ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே விஷ்ணு நிவாசத்தில் அன்றைக்கான சர்வதரிசன டோக்கனுக்கு க்யூ நின்றுகொண்டிருந்தது. அதைத் தாண்டித்தான் இவர்கள் போயிருக்கிறார்கள். ஏன் நின்று கேட்கவில்லை என்றேன். "பேப்பர்ல அது இல்லையேம்மா" என்றார். அத்தனை படியும் ஏறி, காலிகோபுரத்தில் தேடி, டோக்கன் இல்லாமல் மேலே போய், இலவச க்யூவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தரிசனம் செய்துவிட்டு வந்தார்கள். பெருமாள் தரிசனம் கொடுத்துவிட்டார், அது வேறு. பேரனுக்குத்தான் இரண்டு நாள் காய்ச்சல்.

இத்தனைக்கும் அந்த டோக்கன் அதோடு ஒரே இடத்தில் நிற்கவில்லை. 2023 ஏப்ரலில் மறுபடியும் கொடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு கொடுக்கும் இடம் மாறியது. 2025 ஜூனில் ஸ்ரீவாரி மெட்டு வழிக்கான டோக்கனையும் அலிபிரியில் இருக்கும் பூதேவி காம்ப்ளெக்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மெட்டு இருப்பது ஸ்ரீநிவாச மங்காபுரம் பக்கம், டோக்கன் கொடுப்பது அலிபிரியில். நேராக மெட்டுக்குப் போய் நின்றால் திரும்பி வர வேண்டியதுதான். அந்த மெட்டுப் பாதையே 2021 நவம்பர் மழையில் சிதைந்து, சரிசெய்து 2022 மே மாதம்தான் திறந்தார்கள். 2023 ஆகஸ்டில் அலிபிரி வழியில் சிறுத்தை ஒரு குழந்தையைக் கொன்றது, உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு மதியத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளை நடைபாதையில் விடாமல் கட்டுப்பாடு வந்தது. 2024 தொடக்கத்தில் தேவஸ்தானத்தின் இணையதள முகவரி மாறியது. 2025 ஆகஸ்ட் 15 முதல் அலிபிரி சோதனைச் சாவடியில் வண்டிக்கு ஃபாஸ்டேக் இல்லாமல் மேலே போக முடியாது என்றார்கள். மலைமேல் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. மலை அப்படியே இருக்கிறது, அதற்குப் போகும் வழிமுறைதான் வருஷத்துக்கு ஒன்றாக மாறுகிறது. ஊரிலேயே இருக்கிற நானே கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன்.

இப்போது உன் சீனியர் அக்காவின் லிஸ்ட்டுக்கு வருவோம். நீ போனில் படித்துக் காட்டினாயே, அதை அப்படியே நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாக எடுத்து அந்தந்த இடத்தின் சொந்தத் தளத்தில் பார்த்தேன். இங்கிலீஷில் இருந்தவரை நானே படித்தேன், மற்றதைப் பக்கத்து வீட்டுப் பையன் மொழிமாற்றிக் காட்டினான். அவள் போனது 2023 மே மாதம். ரோமில் பாந்தியான் இலவசம் என்று எழுதியிருக்கிறாள். அந்த ஜூலையிலிருந்தே 5 யூரோ டிக்கெட். பாரீஸில் நோட்ர டாம் தேவாலயம் மூடியிருக்கிறது, போக வேண்டாம் என்கிறாள். 2019 ஏப்ரலில் எரிந்த அந்தக் கோயில் 2024 டிசம்பரில் திறந்தாகிவிட்டது. உள்ளே போகக் காசு இல்லை, முன்பதிவும் இலவசம்தான். அவள் பேச்சைக் கேட்டிருந்தால் வாசலோடு வந்திருப்பாய். லூவ்ர் 17 யூரோ என்கிறாள். நடுவில் 22 ஆகி, இந்த ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே உள்ளவர்களுக்கு 32. வெனிஸுக்குப் பகலில் போய்விட்டு வந்தால் செலவில்லை என்கிறாள். 2024 ஏப்ரல் 25 முதல் பகல்நேரப் பயணிகளுக்குக் கட்டணம் உண்டு. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து ஜூலை வரை குறித்த நாட்களில் மட்டும் வாங்குகிறார்கள். முன்கூட்டியே கட்டினால் 5, கடைசி நேரத்தில் கட்டினால் 10. நீ போகும் வாரம் அதில் வருகிறது. ரோமில் ட்ரெவி நீரூற்றின் கிட்டே இறங்கிப் பார்க்க இந்த மாதத்திலிருந்து 2 யூரோ. உங்கள் ஜெர்மனி ரயில் பாஸ், அந்த டாய்ச்லாண்ட் டிக்கெட், 49 யூரோ என்று எழுதியிருக்கிறாள். அது 58 ஆகி, இந்த ஜனவரியில் 63 ஆகியிருப்பது மாசாமாசம் கட்டுகிற உனக்கே தெரியும். தெரிந்தும் அந்த லிஸ்ட்டை நம்புகிறாயே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஒன்று புரிந்துகொள். அந்தப் பெண் பொய் எழுதவில்லை. அன்றைக்கு ஒவ்வொரு வரியும் சரி. நல்ல மனசோடு, பொறுமையாக உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவளைக் குறை சொல்லாதே. லிஸ்ட்டின் தலையில் ஒரு தேதி இருந்திருந்தால் நீயே சந்தேகப்பட்டிருப்பாய், அவ்வளவுதான்.

மாற்றம் என்றால் எப்போதும் நஷ்டம் என்றும் நினைக்காதே. லூவ்ர் விஷயத்தையே எடுத்துக்கொள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளில் குடியிருக்கிற 26 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு அங்கே அனுமதி இலவசம். பாஸ்போர்ட் எந்த நாடு என்பது மட்டும் கணக்கில்லை, எங்கே குடியிருக்கிறாய் என்பதும் கணக்கு. உனக்கு வயது 24, ஜெர்மனிக் குடியிருப்பு அட்டை கையில் இருக்கிறது. அட்டையை மறக்காமல் எடுத்துப் போனால் 32 யூரோ மிச்சம். உன் அக்காவின் தாளில் இது இல்லை. அவள் அப்போது 26ஐத் தாண்டியிருப்பாள், அதனால் அவளுக்கு அது கண்ணில் பட்டிருக்காது. ஒருவர் லிஸ்ட் என்பது அவருடைய வயதுக்கும் அவருடைய அட்டைக்கும் போட்ட லிஸ்ட், பவி. உனக்கு வேண்டியதை நீதான் பார்க்க வேண்டும்.

யாரிடம் பார்ப்பது என்பது அடுத்த விஷயம். இங்கே முந்நூறு ரூபாய் டிக்கெட் மூன்று மாதம் முன்கூட்டியே, மாதக் கடைசி வாரத்தை ஒட்டி வெளியிடுகிறார்கள். சீக்கிரமே தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு "நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று பஸ் ஸ்டாண்டிலும் ஆள் உண்டு, போனிலும் ஆள் உண்டு. தேவஸ்தானத்தின் பெயரிலேயே போலித் தளங்கள் முளைத்து, தேவஸ்தானமே புகார் கொடுக்கும்படி ஆயிற்று. ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃப்ராங்க் வீட்டுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். டிக்கெட் அவர்கள் தளத்தில் மட்டும்தான், வாசலில் கிடையாது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கு வெளியிடுகிறார்கள். ஏப்ரல் முதல் வாரம் போக வேண்டுமென்றால் இந்த மாதமே உட்கார வேண்டும், மார்ச் கடைசியில் தேடினால் கிடைக்காது. தேடும்போது மேலே முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். இடம் யாருடையதோ அவர்கள் தளத்தைக் கண்டுபிடித்து உள்ளே போ. நடுவில் இருப்பவர் எவ்வளவு இனிப்பாகப் பேசினாலும் அவர் நடுவில்தான் இருக்கிறார்.

முந்தின நாள் சாயங்காலம் ஒருமுறை பார்க்கும் பழக்கம் வேண்டும். இதை நான் உங்கள் தாத்தாவிடம் கற்றது. மறுநாள் காலை ரயில் என்றால் முந்தின நாள் மாலையே சித்தூர் ஸ்டேஷனுக்கு நடந்து போய், கரும்பலகையைப் பார்த்துவிட்டு, ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வருவார். பாட்டி திட்டுவாள், "நேத்து இருந்த வண்டி நாளைக்கு ஓடிப்போயிடுமா?" என்று. அவர் பதிலே சொல்ல மாட்டார். உனக்கு நடக்கும் வேலைகூட இல்லை, ராத்திரி படுக்குமுன் ஐந்து நிமிஷம் போன். திறந்திருக்கிறதா, எத்தனை மணிக்கு, ரயில் ஓடுகிறதா, எந்த நடைமேடை. அவ்வளவுதான்.

ஒரே நாளில்கூட இரண்டு இடத்துக்கு இரண்டு சட்டம் இருக்கும். போன செப்டம்பர் 7ஆம் தேதி சந்திர கிரகணம். திருமலையில் மதியம் மூன்றரைக்கே நடை சாத்தி மறுநாள் விடியற்காலைதான் திறந்தார்கள். காளஹஸ்தியில் கிரகணத்தன்றும் கோயில் திறந்திருக்கும், பூஜைக்கென்றே கூட்டம் போகும். திருப்பதியிலிருந்து காளஹஸ்திக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். வரும் மார்ச் 3ஆம் தேதியும் கிரகணம், போன் வர ஆரம்பித்துவிட்டது. பாரீஸிலும் அப்படித்தான். லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை, ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கும் ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. இது எப்போதும் உள்ளது. எதிர்பாராததும் உண்டு. போன அக்டோபர் 19 ஞாயிற்றுக்கிழமை காலையில் லூவ்ரில் நகைகள் திருடுபோய், அன்றும் மறுநாளும் மூடிவிட்டார்கள். செவ்வாய் எப்படியும் விடுமுறை, புதன்கிழமைதான் திறந்தது. எத்தனை பேர் எத்தனை மாதம் முன்னால் டிக்கெட் எடுத்திருப்பார்கள்! அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஞாயிறு ராத்திரி ஒருமுறை பார்த்தவர்கள் திங்கள்கிழமையை வேறு எங்காவது பிரயோஜனமாகக் கழித்திருப்பார்கள்.

ரயில் விஷயத்தில் உன்னை நான் ரொம்ப மிரட்ட வேண்டாம். உன் ஸ்டுட்கார்ட் ஸ்டேஷனே பாடம் நடத்துகிறது. 2010இல் வேலை தொடங்கி, 2019இல் திறப்பதாகச் சொல்லி, இன்னும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. நடைமேடைக்குப் போகச் சுற்றி நடக்க வேண்டியிருக்கிறது என்று நீதான் புலம்பினாய். இங்கேயும் திருப்பதி, பாகாலா, காட்பாடி பாதை 104 கிலோமீட்டரையும் இரட்டைப் பாதையாக்க 2025 ஏப்ரலில் ஒப்புதல் கொடுத்தார்கள். வேலை நடக்கும்போது நம் ஊர் வண்டி நேரமும் ஆடத்தான் செய்யும். இரண்டு விஷயம் மட்டும் மனசில் வை. உன் ஜெர்மனி பாஸ் ஊர் வண்டிகளுக்குத்தான், அந்த வேக வண்டிகளுக்குச் செல்லாது. தப்பாக ஏறிவிட்டு "நான் மாணவி" என்றால் இரக்கம் வராது. டிக்கெட் இல்லாத பயணத்துக்கு அங்கே குறைந்தது 60 யூரோ அபராதம். இத்தாலியில் உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுமுன் நடைமேடையில் இருக்கும் சின்ன மெஷினில் செருகி முத்திரை வாங்க வேண்டும். போனில் வாங்கினால் அதற்கென்று தனியாக ஒரு செக்-இன் உண்டு. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியும் முத்திரை இல்லாமல் அபராதம் கட்டினால் நாலு நாளைக்குச் சாப்பாடு இறங்காது உனக்கு. நீ அப்படித்தான், எனக்குத் தெரியாதா?

காகிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் குடும்பத்துக்கு இது பழகின கதை. உன் கொள்ளுத்தாத்தா பிறந்தபோது இந்த ஊர் வட ஆற்காடு ஜில்லா. 1911இல் சித்தூர் ஜில்லா ஆனது. 1953 வரை சென்னை ராஜ்ஜியம், பிறகு ஆந்திரா, 1956இல் ஆந்திரப் பிரதேசம். வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலேயே மூன்று மாநிலம் பார்த்தவர் என்று அவரைக் கேலி செய்வார்கள். நீ பிறந்தது திருப்பதியில், உன் சான்றிதழில் சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரல் 4 முதல் அதே ஆஸ்பத்திரி திருப்பதி மாவட்டம். எந்தப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் இருப்பதையே எழுது, உன் புத்தியைச் சேர்க்காதே. குடியிருப்பு அட்டையில் முடியும் தேதியைக் கிளம்புமுன் ஒருமுறை பார். பாஸ்போர்ட்டும் கூடவே இருக்கட்டும். எல்லைகளே கிடையாது என்று படித்திருப்பாய். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனை வைத்திருக்கிறது. பாரீஸிலிருந்து திரும்பி வரும்போது ரயிலிலேயே கேட்கலாம்.

உங்கப்பா அம்மா ஜூனில் வருவதற்கும் இதே கவனம் வேண்டும். உங்கப்பாவுக்கு யாரோ 80 யூரோ விசா என்று சொல்லியிருக்கிறார்கள். 2024 ஜூனிலிருந்து அது 90. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். சென்னைக்குப் போய் விரல் ரேகை கொடுக்க வேண்டும். போன அக்டோபர் 12ஆம் தேதியிலிருந்து ஐரோப்பிய எல்லையில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக, ரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் ஏற்றும் முறையைத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த ஏப்ரலுக்குள் எல்லா இடத்திலும் வந்துவிடும் என்கிறார்கள். இறங்கியதும் அங்கே க்யூ இருக்கும் என்று அவனுக்கு முன்னாலேயே சொல்லிவை, இல்லையென்றால் பதறிவிடுவான். உங்கம்மாவிடம் நெய் டப்பாவையும் பால்கோவாவையும் பெட்டியில் வைக்காதே என்று நானே சொல்லிவிட்டேன். பால் பொருளும் இறைச்சியும் உள்ளே விடமாட்டார்கள். நம் சித்தூர் மாம்பழமும் சான்றிதழ் இல்லாமல் போகாது. "மாங்கா ஊறுகாயாவது?" என்றாள். அதை உன்னிடம் கேட்கச் சொன்னேன். நீயும் சுங்கத் தளத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல், நாக்கைக் கேட்டுச் சொல்லாதே.

இவ்வளவு சொல்கிற நான் இதையும் சொல்லியாக வேண்டும். 2025 ஜனவரி 8ஆம் தேதி ராத்திரி இதே ஊரில் வைகுண்ட ஏகாதசி டோக்கனுக்காக நின்ற கூட்டத்தில் நெரிசலாகி ஆறு பேர் போய்விட்டார்கள். அவர்கள் தகவல் தெரியாமல் வந்தவர்கள் இல்லை. எங்கே, எப்போது என்று சரியாகத் தெரிந்து, முன்கூட்டியே வந்து நின்றவர்கள். அவர்கள் மேல் ஒரு குற்றமும் கிடையாது. அடுத்த ஏகாதசிக்கு முதல் மூன்று நாள் டோக்கனை முழுக்க ஆன்லைன் குலுக்கலில் கொடுத்தார்கள். ஆனால் போனவர்கள் போனவர்கள்தான். அதனால் சொல்கிறேன், எந்த டிக்கெட்டும், எந்தக் கோபுரமும், எந்த ரயிலும் உன்னைவிடப் பெரிதில்லை. கூட்டம் மார்பில் அழுத்துகிற மாதிரி தோன்றினால் க்யூவை விட்டு விலகி வந்துவிடு. வாங்கிய டிக்கெட் வீணானால் அத்தை தருகிறேன். ஆபத்து என்றால் 112. இங்கேயும் அதே எண், ஐரோப்பா முழுக்கவும் அதே எண். இந்த ஒன்றாவது மாறாமல் இருக்கிறதே என்று எனக்கு ஒரு நிம்மதி.

சின்னச் சின்ன விஷயங்கள் மிச்சம். எல்லாவற்றையும் போனிலேயே வைக்காதே. தங்கும் இடத்தின் பெயர், தெரு, ரயில் நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வை. போன் சாகும்போதுதான் ஊரும் புதிதாக இருக்கும். கொஞ்சம் சில்லறை யூரோ வை, ஸ்டேஷன் கழிவறைக்குக் காசு கேட்பார்கள். புனித வெள்ளி, ஈஸ்டர் ஞாயிறு, அடுத்த நாள் திங்கள் மூன்று நாளும் ஜெர்மனியில் கடை திறக்காது, கிளம்புமுன் அரிசி பருப்பு வாங்கி வைத்தால் திரும்பி வந்து பட்டினி கிடக்க மாட்டாய். மார்ச் 29ஆம் தேதி உங்கள் ஊர்க் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும். அதன் பிறகு நமக்கும் உனக்கும் வித்தியாசம் மூன்றரை மணிதான். நீ ராத்திரி பத்தரைக்குக் கூப்பிட்டால் இங்கே இரண்டு மணி. கூப்பிடாதே என்று சொல்லவில்லை. உங்கப்பாவைக் கூப்பிடாதே, என்னைக் கூப்பிடு. ஒவ்வொரு ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் "சேர்ந்தாச்சு" என்று ஒரே ஒரு வார்த்தை போடு. போட்டோ நாலு நாள் கழித்து வந்தாலும் பரவாயில்லை.

உன் தலைமுறைக்கு எல்லாம் போனில் கிடைக்கிறது. அதனாலேயே, கிடைத்தது எப்போதைய சமாச்சாரம் என்று கேட்கும் பழக்கம் குறைந்துபோய்விட்டது. பயணத்துக்கு மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. நாளைக்கு வேலைக்குச் சேருவாய், வீடு வாடகைக்குப் பார்ப்பாய், வரி கட்டுவாய், எங்களுக்கு மருந்து வாங்கி அனுப்புவாய். எல்லா இடத்திலும் யாராவது ஒருவர் அன்பாக, "எனக்குத் தெரியும், இப்படித்தான்" என்று சொல்வார்கள். நன்றி சொல்லி வாங்கிக்கொள். பிறகு, "நீங்க எப்போ பண்ணீங்க?" என்று மரியாதையாக ஒரு கேள்வி கேள். சொல்கிறவருக்குக் கோபம் வராது. வந்தாலும் ஒரு நிமிஷத்தில் போய்விடும்.

கடைசியாக ஒன்று. நீ போய்வந்ததும் ஜூனியர் பெண்கள் உன்னிடமும் லிஸ்ட் கேட்பார்கள். கட்டாயம் கொடு, கஞ்சத்தனம் வேண்டாம். ஆனால் தலையில் தேதியைப் போடு. ஒவ்வொரு இடத்துக்குப் பக்கத்திலும் அந்த இடத்தின் சொந்தத் தளத்தை எழுது. "போகுமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்" என்று அடியில் ஒரு வரி சேர். தேதி இல்லாத லிஸ்ட்டை நீ யாருக்கும் கொடுக்காதே, யாரிடமும் அப்படியே வாங்காதே.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தை